எந்திரன் திரைப்படத்தில் மனம் என்னும் சிக்கல்: தொல்காப்பிய அறிவுப் பகுப்பின் நோக்கில்

ஆய்வுச்சுருக்கம்

செயற்கை நுண்ணறிவுக்கு மனம் அமையுமா என்னும் வினாவைத் தமிழ்த் திரையில் விரிவாக எழுப்பிய படம் ஷங்கர் இயக்கிய எந்திரன் (2010). அப்படம் இவ்வினாவுக்கு விடை தருவதாகத் தோன்றினும், உண்மையில் அதனைக் கீழ்ப்படிதல் பற்றிய வினாவாக மாற்றிவிடுகிறது என்பதைத் தொல்காப்பியத்தின் அறிவுப் பகுப்பும் மெய்ப்பாட்டுக் கோட்பாடும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எந்திரன், ஆறறிவு, மெய்ப்பாடு, நாணம், செயற்கை நுண்ணறிவு, சுஜாதா.

ஆறாம் அறிவின் இடம்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல், கேட்டல் என்னும் ஐந்தன்மேல் ஆறாவதாக வைக்கப்படுவது மனம். இப்பகுப்பை எடுத்தாளும் கட்டுரைகள் பலவும் மனிதனே ஆறறிவுடையவன் என்று கூறி அமைந்துவிடுகின்றன. மரபியல் அவ்வளவில் நிற்கவில்லை. மக்களை ஆறறிவுடையோர் என்று சொன்ன கையோடு, அவ்வினத்தைச் சார்ந்த பிறவும் உள என்று இடம்விட்டு வைக்கிறது. உரையாசிரியர்கள் அவ்விடத்தில் தேவர் முதலியோரையும், மனவுணர்வு காட்டும் விலங்குகள் சிலவற்றையும் கருதினர். ஆகவே, மனத்தை மனித உடலின் தனியுடைமையாகக் கொள்வது தமிழ் இலக்கண மரபின் நிலைப்பாடு அன்று. எனினும் அம்மரபில் ஒரு நிபந்தனை உண்டு. மனம் தனித்து வருவதில்லை; ஊற்றுணர்வு முதலாய ஐந்தும் அமைந்தபின்னரே ஆறாவது அமைகிறது.

எந்திரன் காட்டும் சிட்டி இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. அது காண்கிறது, கேட்கிறது, கணக்கிடுகிறது, பேசுகிறது. சுவையும் நாற்றமும் அதற்கு இல்லை. கீழ்ப்படிகள் நிரம்பாமலே மேற்படியில் ஏற முயலும் இப்பொருளை எவ்வினத்தில் சேர்ப்பது என்பதே படத்தின் முதற்பாதி எழுப்பும் சிக்கல்.

புறத்தே தோன்றும் மனம்

பிறர் மனத்தை நேரே காண இயலாது. புறத்தே தோன்றும் குறிகளைக் கொண்டே அதனை உய்த்துணர வேண்டும். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தமைக்கு இதுவே அடிப்படை. உள்ளத்தில் நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படுகிறது. ஆலன் டூரிங் 1950ஆம் ஆண்டு 'மைண்ட்' என்னும் மெய்யியல் இதழில் எழுதிய கட்டுரையும் பொறி சிந்திக்குமா என்ற வினாவை ஒதுக்கி, அதன் மறுமொழிகளைக் கொண்டு அதனை மனிதரிலிருந்து பிரித்தறிய முடிகிறதா என்ற சோதனையை முன்வைத்தது. ஆனால் டூரிங்கின் சோதனையில் உடல் மறைக்கப்படுகிறது. எழுத்து மட்டுமே எஞ்சுகிறது. மெய்ப்பாட்டியலுக்கு நெருக்கமானது ரிட்லி ஸ்காட்டின் பிளேடு ரன்னர் (1982) காட்டும் சோதனையே. அங்கே வினாக்களைக் கேட்டுவிட்டு, கருவிழியின் அசைவும் முகச் சிவப்புமே அளக்கப்படுகின்றன.

இவ்விரு சோதனைகளும் பொறி தன்னை மறைத்துக்கொள்ளும் என்னும் ஐயத்தில் எழுந்தவை. சிட்டியோ தன்னை மறைப்பதே இல்லை. தென்காசி, சிவகிரி வட்டாரத்தார்க்கு நன்கு அறிமுகமான குற்றாலச் சித்திர சபையில் நடராசர் செப்புத் திருமேனியாக அன்றிச் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். வழிபடுவோர் அது ஓவியம் என்பதை அறிவர். அறிந்தே அதனோடு உறவு கொள்கின்றனர். சிட்டியோடு பார்வையாளர் கொள்ளும் உறவும் இத்தகையது. பொறி என்று தெரிந்தே அதற்காக இரங்குகின்றனர். டூரிங்கின் சோதனை இவ்வுறவைக் கணக்கில் கொள்வதில்லை.

தீ விபத்துக் காட்சி

படத்தின் திறவுகோல் காதல் காட்சிகளில் இல்லை. தீ விபத்துக் காட்சியில் உள்ளது. பேராசிரியர் போரா கட்டளையிட்டதும் தன்னைப் படைத்த வசீகரனையே கத்தியால் குத்த முனைந்தது சிட்டி. நன்மை தீமை பகுத்தறியாத பொறி என்று போரா அதனை மறுக்கிறார். அதன் பயனை மெய்ப்பிக்கத் தீப்பற்றிய கட்டடத்துக்குள் அது அனுப்பப்படுகிறது. பலரைக் காக்கும் சிட்டி, குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியையும் ஆடையின்றியே தூக்கிவந்து ஒளிப்படக் கருவிகளின் முன் நிறுத்துகிறது. நாணம் தாளாது ஓடும் அவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள்.

உயிரினும் நாணத்தை உயர்த்தி வைக்கும் களவியலின் மதிப்பீடு இங்கே இருபத்தோராம் நூற்றாண்டின் அறிவியல் புனைவுக்குள் வினாவின்றி நுழைகிறது. பொறிக்கு மனம் இல்லை என்பதை மெய்ப்பிக்க ஒரு பெண்ணின் சாவு தேவைப்படுகிறது. அவளைப் பற்றிப் படம் பின்னர்க் கவலைகொள்வதில்லை. கூட்டத்தாரின் பார்வையும் செய்தியாளரின் கருவியும் அச்சாவுக்குப் பொறுப்பேற்பதும் இல்லை. மனம் படைத்தவர்களாகக் கருதப்படும் அவர்களும் அவளைப் படம்பிடித்துக்கொண்டுதான் இருந்தனர்.

மற்றொரு பிழையும் இக்காட்சியை ஒட்டி எழுகிறது. சிட்டியிடம் இல்லாதது உணர்ச்சி என்று வசீகரன் முடிவுசெய்கிறார். உண்மையில் அங்கே இல்லாதது சமூக வழக்கைப் பற்றிய அறிவு. பிறர் நாணுவர் என்பதை அறியத் தான் நாண வேண்டுவதில்லை. அதனை விதியாகவே பொறிக்குக் கற்பித்திருக்கலாம். அறிவின் குறைக்கு உணர்ச்சியை மருந்தாக்கிய இத்தாவலே கதையின் பிற்பகுதி முழுவதையும் இயக்குகிறது.

முத்தமும் வாசிப்பும்

உணர்ச்சி பெற்ற சிட்டி சனாவின் அக்காளுடைய பேற்றுக்குத் துணைநிற்கிறது, போராவும் ஏற்பளிக்கிறார். நன்றியுணர்வில் சனா தரும் முத்தம் காதலாகிறது. இதனை வணிகப் படத்தின் வழக்கமான திருப்பம் என்று தள்ளிவிடலாம். ஆயினும் தொடுதலே முதலறிவு என்னும் மரபியல் வரிசையில் வைத்து நோக்கினால், ஆறாம் அறிவு ஊற்றுணர்விலிருந்து கிளைப்பதாகக் காட்டும் இவ்விடம் படத்தை ஆக்கியோர் கருதியதைவிட ஆழமானது. படம் அந்த ஆழத்தில் தங்கவில்லை. காதல் தோன்றிய கணமே சிட்டி தமிழ்த் திரை நாயகனின் அச்சில் வார்க்கப்படுகிறது. மனம் என்பது ஆடவனின் வேட்கை என்பதாகச் சுருங்குகிறது.

படத்தின் உரையாடலில் பங்கு கொண்ட சுஜாதா இதற்கு மாறான வழியொன்றை முன்னரே காட்டியிருந்தார். ஆனந்த விகடனில் தொடராக வந்த என் இனிய இயந்திரா, அதன் தொடர்ச்சியான மீண்டும் ஜீனோ ஆகிய புதினங்களில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். வாசித்தும் வினவியும் கேலிபேசியும் அது தன்னறிவை வளர்த்துக்கொள்கிறது. நாயாக இருப்பதனால் நாயகனாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மனத்தின் வளர்ச்சியைக் காட்டுவதில் 2010இன் பெரும்பொருட் செலவை அந்நாய் எளிதாக வென்றுவிடுகிறது.

மறுத்தலும் பிரித்தலும்

சனா மறுத்தபின், இராணுவத்தாரின் முன் நிகழும் செயல்விளக்கத்தில் சிட்டி வேண்டுமென்றே தவறுகிறது. கட்டளையை மறுக்கும் முதல் நிகழ்ச்சி இதுவே. தனக்கென ஒரு மனம் உண்டு என்பதற்கு இதனினும் வலிய சான்று படத்தில் இல்லை. வசீகரன் அதனை வெட்டிச் சிதைக்கிறார். துண்டுகள் குப்பைமேட்டில் கொட்டப்படுகின்றன. முன்னர்க் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து குத்த முனைந்தபோது மனமில்லாத பொறி எனப்பட்டது, இப்போது கீழ்ப்படியாமையால் அழிகிறது.

நீதிமன்றக் காட்சியில் இம்முரண் முற்றுகிறது. தன்னை அழிவுப் பொறியாக்கியது போரா பொருத்திய சிவப்புச் சில்லு என்பதைச் சிட்டி தன் நினைவகத்துக் காட்சியைக் கொண்டு மெய்ப்பிக்கிறது. நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்று வசீகரனை விடுவிக்கிறது. சிட்டியைப் பிரித்தெடுக்க ஆணையிடுகிறது. குற்றம் சில்லினுடையது என்றால், சில்லு அகற்றப்பட்டபின் தண்டனை எதற்கு? சிட்டியின் நினைவு ஆவணமாக மதிக்கப்படுகிறது. நினைவுடையது ஆளாக மதிக்கப்படவில்லை. அவ்வாணையை ஏற்றுச் சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறது.

2030ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில், ஏன் பிரிக்கப்பட்டாய் என்று மாணவர் வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறது சிட்டியின் தலை. படம் முழுவதும் உணர்ச்சியே மனம் என்று காட்டிவிட்டு, இறுதியில் சிந்தனையே குற்றம் என்பது தடுமாற்றம் போலத் தோன்றலாம். ஆயின், தீர்ப்பு சொல்லாமல் விட்ட காரணத்தை இம்மறுமொழியே வெளிப்படுத்துகிறது. அழிவு அன்று, தன்விருப்பே தண்டிக்கப்பட்டது.

2018இல் வெளிவந்த 2.0 இதற்கு எதிர்பாராத உரையாக அமைகிறது. நகரம் அழிவை எதிர்நோக்கும்போது அரசு சிட்டியை மீண்டும் பொருத்த இசைகிறது. அதுவும் போதாதபோது, முன்படத்தில் பேரழிவுக்கு வித்தான அதே சிவப்புச் சில்லை நிலா என்னும் மற்றோர் எந்திரம் சிட்டிக்குள் பொருத்துகிறது. இம்முறை திரையரங்கில் கைதட்டல் எழுகிறது.