எண்ணெய்க் கசிவும் எண்ணப்படாத உயிர்களும்

ஒரு கோழி இறகை எடுத்து அதன்மீது சில துளி நீர் விடுங்கள். நீர் ஒட்டாது, முத்துப்போல் உருண்டோடிவிடும். அதே இறகில் பழைய இஞ்சின் எண்ணெயைச் சிறிது தடவி மீண்டும் நீர் விட்டுப் பாருங்கள். இழைகள் கற்றையாக ஒட்டிக்கொள்ளும். இடைவெளியில் நீர் இறங்கிவிடும். எண்ணெய்க் கசிவில் சிக்கிய பறவைக்கு நேர்வது இதுவே.

இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் பின்னப்பட்டவை. அப்பின்னலுக்கு அடியில் தங்கும் காற்றுதான் பறவையை மிதக்கவைக்கிறது. உடல் வெப்பத்தையும் காக்கிறது. எண்ணெய் பட்டதும் பின்னல் குலைகிறது. பறவை தன் இறகை அலகால் கோதுகிறது. அப்போது உள்ளே செல்லும் எண்ணெய் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, இரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கிறது. அடைகாக்கும் தாயின் மார்பிலிருந்து முட்டை ஓட்டில் படும் ஒரு துளிகூடக் கருவைக் கொல்லக்கூடும்.

“கரிசல் காட்டில் இருக்கும் நமக்குக் கடலில் கொட்டிய எண்ணெயோடு என்ன தொடர்பு?” என்று நீங்கள் கேட்கலாம். கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 60 கிலோமீட்டர்தான். நம் கரிசலின் மழைநீரை வைப்பாறு மன்னார் வளைகுடாவில்தான் சேர்க்கிறது. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளும், கடற்புல்லை மேயும் ஆவுளியாவும் உள்ள இடம் அது. கூந்தன்குளத்தில் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாவுக்குக் கண்மாயும் கழிமுகமும் ஒன்றே. நாம் போட்ட எல்லைகளை அது அறியாது.

இனி, நடந்தவற்றைப் பார்ப்போம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அருகே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்பதே துறைமுகத்தின் முதல் அறிவிப்பு. சில நாட்களில் தார்போன்ற கசடு கரையெங்கும் ஒதுங்கியது. மீனவரும் மாணவரும் வாளிகளால் அதை அள்ளினர். இறந்த ஆமைகளும் ஒதுங்கின.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயை அடித்துச் சென்று எண்ணூர்க் கழிமுகத்தில் பரப்பியது. அது சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்தது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. உடலெங்கும் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களை மக்கள் கண்டனர். பறக்கும் வலுவுள்ள பறவையைப் பிடிப்பது அரிது. பிடிபடும் அளவுக்குத் தளர்ந்தபின் காப்பாற்றுவதும் அரிது.

நமது குறை இங்கேதான். ஒவ்வொரு கசிவிலும் “எத்தனை டன்?” என்றே கேட்கிறோம். “எப்போது, எங்கே?” என்று கேட்பதில்லை. எண்ணூர் மோதல் நடந்த ஜனவரி, பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையை நாடும் பருவம். அப்பருவத்தில் கொட்டும் சிறிதளவு எண்ணெய், வேறு பருவத்தில் கொட்டும் பேரளவைவிடக் கொடியதாகலாம். அலாஸ்காவில் 1989இல் எக்சான் வால்டஸ் கப்பல் சுமார் 37,000 டன் கச்சா எண்ணெயைச் சிந்தியது. பின்னர் நடந்த ஆய்வுகள், நீரில் கரைந்த மிகச் சிறிதளவு எண்ணெய்ப் பொருள்களும் மீன் கருவின் இதயத்தைக் கெடுக்கும் என்று காட்டின.

இரண்டாவது குறை, அள்ளி முடித்ததும் கணக்கை மூடிவிடுவது. முன்பு எத்தனை உயிர்கள் இருந்தன என்ற பதிவு இல்லாவிடில், இழந்தது எவ்வளவு என்று எவராலும் கூற இயலாது. பதிவின்மையே “பாதிப்பு இல்லை” என்பதற்கு வசதியாகிவிடுகிறது.

நம் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு கூறியது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து வெளிவரும் உப்புநீர் கரிசல் மண்ணில் பரவினால், அதன் களி இறுகி நீர் இறங்காமல் போகும். ஆகவே இது கடலோடு நிற்கும் கேடன்று.

எண்ணெயின்றி இன்று பேருந்தும் ஓடாது. உழவு இயந்திரமும் ஓடாது. அதை மறுப்பது நம் நோக்கமன்று. கேடு வருமுன் உயிர்களை எண்ணி வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதை நீங்களும் செய்யலாம். ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஊர்க் கண்மாயைச் சேருங்கள். பட்டறையின் கழிவு எண்ணெய் ஓடையில் கலந்தால் தடுத்துக் கேளுங்கள். அந்த ஓடை சேரும் கண்மாயில்தான் கூழைக்கடா இறங்குகிறது.