'சங்கதி'யும் பெண்களின் உடல்நோவும்

பாமா பிறந்தது வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டி. நாம் வாழ்வது எம். புதுப்பட்டி. எனினும், மாலையில் பட்டாசு ஆலைகளிலிருந்து திரும்பும் நம் பெண்களைக் காணும்போதெல்லாம் அவரது 'சங்கதி' (1994) நினைவுக்கு வருகிறது. அந்நாவலில் சிறுமி மைக்கண்ணி தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள். வயலிலும் வீட்டிலும் ஓய்வறியாத தலித் பெண்களைப் பேய் பிடிக்கிறது. தீராத உழைப்பும் அச்சமுமே அப்பேய் எனக் கதைசொல்லி கண்டுகொள்ளும் இடமே நூலின் உயிர்நாடி. கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், புற்றுநோயுடன் போராடியவாறே 1988இல் வெளியிட்ட நூலில், தன்னைப் பேணுதலை அரசியல் செயலாகவே கண்டார். பாமாவின் பெண்களோ பாட்டாலும் கேலியாலும் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். அப்பேச்சைக் கொச்சையென்போர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்காங்கே ஆசிரியரின் குரல் அறிவுரையாக ஓங்குவது குறையே (மறையுரையாற்றும் நாம் இதைச் சொல்லலாகாதுதான்!). பெண்களுக்குப் பொறுமையையே போதித்துவந்த நாம், அவர்தம் இடுப்புவலியை ஒருமுறையேனும் விசாரித்ததில்லை.