கண்ணாடி இல்லாத முகாம்

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குக் கண் முகாம் புதிதல்ல. 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஊர் ஊராக வந்து பார்வையைச் சோதித்தது. குறை தெரிந்தால் கண்ணாடி. போட்டதும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியும். வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு வரக்கூடிய பிள்ளைகளையும் இப்படியே ஐந்து, ஆறு வயதில் சோதித்துக் கண்டறிய வேண்டும் என்கிறார்கள். சரி. டி. கல்லுப்பட்டி ஒன்றியத்தின் ஒன்றாம் வகுப்பில் நின்று பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது: இங்கே கண்ணாடி எது?

சோதனைக்கான நியாயம் வலுவானது. பின்லாந்தின் யுவாஸ்கிலா ஆய்வு, வாசிக்கத் திணறிய பெற்றோரின் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்தது. பள்ளிக்கு வருமுன்பே அறிகுறி தெரிவதைக் காட்டியது. நம் சட்டம் பிந்தி வருகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2018இல் வந்த நெறிமுறையோ மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது சோதிக்கச் சொன்னது. அதற்குள் 'மக்கு' பட்டம் வந்துவிடும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

சிக்கல், எதைக் கொண்டு சோதிப்பது என்பதில். ஆங்கில எழுத்தை இடம் வலம் மாற்றி எழுதுகிறதா என்று கேட்கும் பட்டியல் தமிழுக்கு உதவாது. 'கொ'வில் கொம்பு முன்னே நிற்கும், கால் பின்னே நிற்கும். இரண்டும் சேர்ந்து தரும் ஒரே ஒலி ககர மெய்க்குப் பிறகே வரும். இதில் எந்தப் பிள்ளையும் கொஞ்ச நாள் தடுமாறும். 'மழை'யை 'மளை' என்று எழுதினால்? எங்கள் பக்கம் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறோம். காது கேட்டதைக் கை எழுதியது. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைக்குப் பள்ளித் தமிழே இரண்டாம் மொழி. இதெல்லாம் தெரியாத சோதனைத்தாள், ஊருக்கே குறை என்று எழுதிவிடும். கவனிக்க வேண்டியவை வேறு: 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்தால் மிச்சம் என்ன என்ற விளையாட்டு மாதக்கணக்கில் பிடிபடாதது, நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று மறந்துபோவது, தெரிந்த படங்களுக்கே சட்டெனப் பெயர் வராதது.

கணக்கும் எச்சரிக்கிறது. 100 பிள்ளைகளில் 10 பேருக்கு இந்தச் சிக்கல் வரும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் சோதனை, அந்தப் பத்தில் 8 பேரைப் பிடிக்கும். மீதி 90இல் 18 பேரையும் தவறாகப் பிடிக்கும். பட்டியலில் 26 பெயர், அதில் 18 பிழை. பிள்ளைமேல் பெயர் ஒட்ட இது போதாது. கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கத் தாராளமாகப் போதும். தேவைப்படாத பிள்ளைக்கு இருபது நிமிடம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் யாருக்கு நட்டம்?

வழி முற்றிலும் புதிதாக வேண்டியதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது. அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதே ஆண்டு என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பிரசஸ்த் செயலியும் குறைபாட்டு அறிகுறிகளைக் கவனிக்க ஆசிரியர் கையில் ஒரு பட்டியலைத் தந்தது. ஆனால் பட்டியல் பாடம் நடத்தாது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் போக வேண்டியவர். ஒரே பிள்ளையோடு தினமும் உட்கார அவரால் முடியாது.

ஆகவே சோதனை வேண்டும், இந்த வரிசையில்: முதலில் கண்ணும் காதும், பிறகு நம் பேச்சை அறிந்த தமிழ்ச் சோதனை, ஆறு மாதம் தினசரிப் பயிற்சி, மறு சோதனை. குறைபாட்டின் பெயர் கடைசியில் வரட்டும். தினம் அரைமணி நேரம் அந்தப் பிள்ளையோடு உட்கார ஆள் போடாமல் சோதனைத்தாளை மட்டும் அனுப்புவது, கண்ணாடி கொடுக்காமல் கண் முகாம் நடத்துவதுதான்.