பதில் வந்தால்தான் படம்: ரே ஜான்சனும் தபால் கலையும்

கொலாஜ் ஒன்றை வாங்க வந்தவர், சொன்ன விலையில் கால் பங்கைக் குறைத்துக் கேட்கிறார். ஓவியர் சண்டை போடவில்லை. படத்தில் கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மீதியை அனுப்பி வைக்கிறார். அமெரிக்க ஓவியர் ரே ஜான்சனைப் பற்றி 2002-இல் வந்த 'ஹவ் டு டிரா எ பன்னி' ஆவணப்படத்தில் வரும் கதை இது. கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் இதே மனுஷன் தன் கைப்பட வரைந்ததையும் ஒட்டியதையும் கவரில் போட்டு, ஸ்டாம்ப் காசையும் தானே கொடுத்து, நூற்றுக்கணக்கான பேருக்குச் சும்மா அனுப்பிக்கொண்டிருந்தார். விற்கும்போது இவ்வளவு கறார், தபாலில் போடும்போது கணக்கே கிடையாது. ஏன் இப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால்தான் தபால் கலை (மெயில் ஆர்ட்) என்பது என்னவென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். ஜான்சன் 1927-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர். 1945 முதல் 1948 வரை பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஜோசஃப் ஆல்பர்ஸிடம் படித்தார். பிறகு நியூயார்க். 1950-களின் நடுவில், ஆண்டி வார்ஹோல் அந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, எல்விஸ் பிரெஸ்லியின் படத்தின்மேல் சிவப்பு மையைப் பூசி கொலாஜ் செய்துவிட்டார். பாப் ஆர்ட் வரலாற்றில் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர்தான். அவரோ அந்த வரிசையை விட்டு எழுந்து தபால் நிலையத்துக்குப் போனார்.

அவருடைய முறை ரொம்ப எளிது. ஒரு தாளில் பெரும்பாலும் ஒரு முயல் தலை, சில வார்த்தை விளையாட்டு, பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு துண்டு இருக்கும். கூடவே ஒரு கட்டளை: இதில் எதையாவது சேர்த்து ரே ஜான்சனுக்குத் திருப்பி அனுப்பவும். சில சமயம் வேறு யாருக்காவது அனுப்பச் சொல்லியிருக்கும். அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் முன்பின் பழக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. 1962-இல் எட் பிளங்கெட் என்ற நண்பர் இந்த வலைக்கு 'நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்' என்று பேர் வைத்தார். தபால் வழியில் ஓவியம் கற்றுத்தந்த பள்ளிகளைக் கிண்டல் செய்த பேர் அது. ஜான்சன் அதன் ஸ்பெல்லிங்கில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி உள்ளே 'டான்ஸ்' வரும்படி செய்தார். ஒருத்தர் மட்டும் ஆடினால் அந்த டான்ஸ் நடக்காது.

மென்பொருள் எழுதுகிற ஆளாக இதைப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது புரோட்டோகால்தான், தாள் அப்புறம்தான். யாரிடமிருந்து யாருக்கு, வழியில் என்ன சேர்க்க வேண்டும், எங்கே திருப்ப வேண்டும் என்ற விதிகள்தான் அங்கே படைப்பு. தாள் வெறும் பாக்கெட். தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் பல தாள்கள் ரொம்பச் சாதாரணமானவை, இதை மறைக்க வேண்டியதில்லை. அவர் காலரிக்காகச் செய்த கொலாஜ்களில் உள்ள கட்டுக்கோப்பு தபாலில் போனவற்றில் பெரும்பாலும் இல்லை. அதற்காகத் தபால்களைத் தள்ளிவிட்டால், திருமணத்துக்குப் போனவன் மொய்க் கவரை மட்டும் பார்த்துவிட்டுக் கல்யாணம் சுமார் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

மொய் என்று சொன்னதால் ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள், நாம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அதில் இருக்கும். தபால் கலையில் அந்த நோட்டு கிடையாது. ஆனால் பதில் போட வேண்டும் என்ற கடன் மட்டும் உண்டு. விலை என்று வந்தால் கணக்கு வந்துவிடும், கணக்கு முடிந்தால் உறவும் முடிந்துவிடும். கால் பங்கை வெட்டியவர் அதைத்தான் செய்து காட்டினார்: கணக்கு என்று வந்துவிட்டீர்கள், இதோ கணக்கு.

சரி, இப்படிப்பட்ட கலையை மியூசியத்தில் எப்படி வைப்பது? 1970-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் இந்த வட்டத்துக்கு ஒரு கண்காட்சி வைத்தது. தபாலில் வந்தவை சுவரில் ஏறின. பெரிய மரியாதைதான். ஆனால் சுவரில் ஏறிய தபால் அதற்கப்புறம் எங்கும் போகாது. 2021-இல் சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் வைத்த கண்காட்சி இந்தச் சிக்கலை இன்னும் புத்திசாலித்தனமாகக் கையாண்டது என்பேன். ஜான்சனின் நெடுநாள் நண்பரும் எழுத்தாளருமான வில்லியம் வில்சன் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்தவற்றிலிருந்து உருவானது அது. ஒரு தனி மனிதர் வாங்கி, படித்து, பத்திரப்படுத்திய குவியல் என்பதால் அதில் அனுப்பியவர் மட்டுமில்லை, பெற்றவரும் தெரிகிறார். தபால் கலைக்கு இது பாதி நியாயமாவது செய்கிறது.

பெரிய மியூசியம் வரை போக வேண்டியதில்லை. தபால் கலைக் கண்காட்சிகள் நூலகத்திலும் சின்னச் சின்ன காலரிகளிலும் நடப்பதுதான் வழக்கம். அங்கே போனால் படத்தின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். முகவரிப் பக்கம், தபால் முத்திரை, ஒட்டிய ஸ்டாம்ப், வழியில் இன்னொருத்தர் கிறுக்கியது, எல்லாவற்றையும் பாருங்கள். கண்ணாடிக்குள் முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தால் அங்கே பாதிப் படம் காணாமல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கண்காட்சிகளுக்கு ஒரு எழுதாத சட்டமும் உண்டு: தேர்வுக் குழு கிடையாது, கட்டணம் கிடையாது, வந்ததெல்லாம் சுவரில் ஏறும். 1984-இல் நியூயார்க்கின் ஃபிராங்ளின் ஃபர்னஸில் நடந்த காட்சியில், அதை அமைத்த விமர்சகர் வந்தவற்றில் சிலவற்றை விலக்கியதும் பெரிய ரகளையானது. நல்லதைத் தேர்ந்தெடுப்பதுதானே விமர்சகர் வேலை என்று கேட்கலாம். ஆனால் வந்த கடிதத்தை 'சரியில்லை' என்று விலக்கினால் அது தேர்வு ஆகாது. பதில் போடாமல் விட்டதுதான்.

பதிலுக்கு என்ன மதிப்பு என்பதை லத்தீன் அமெரிக்காவில் பார்க்கலாம். 1976-இல் பிரேசிலின் ரெசிஃபேயில் பாவ்லோ புரூஸ்கியும் டேனியல் சாந்தியாகோவும் அமைத்த தபால் கலைக் காட்சியைத் திறந்த கையோடு போலீஸ் மூடியது, இருவரையும் பிடித்து உள்ளே வைத்தது. அடுத்த ஆண்டு உருகுவேயில் கிளெமென்தே பதீன், ஹோர்ஹே கராபாயோ இருவரையும் ராணுவ அரசு சிறையில் போட்டது. அவர்களை விடுவிக்கச் சொல்லி உலகம் முழுக்க இருந்த தபால் கலைஞர்கள் எழுதிக் குவித்தார்கள். முயல் தலை வரைந்து பழகிய அதே வலைதான் இதற்கும் உதவியது.

கடைசியாக ஜான்சனின் சாவு. 1968-இல் நியூயார்க் நகரத்தை விட்டு லாங் ஐலண்டுக்குப் போனவர், 1995 ஜனவரி 13 அன்று சாக் ஹார்பரில் தற்கொலை செய்துகொண்டார். தேதி 13, வயது 67, அதாவது 6+7=13. தங்கிய அறை எண்ணிலும் இதே கூட்டல் வருகிறது. உடனே 'அதுவே அவருடைய கடைசிப் படைப்பு' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தற்செயல்களோடு விளையாடிய ஆள்தான், எண்களை அவரே யோசித்து வைத்திருக்கவும் கூடும். இருந்தாலும் ஒரு மனிதனின் சாவைப் புதிர்க்கட்டமாக மாற்றிக் கூட்டிப் பார்ப்பது விமர்சனம் ஆகாது. அவருடைய கலையை வைத்தே பார்த்தாலும் அது தப்பு. 1973-இல் அவர் தன் 'ஸ்கூல்' செத்துவிட்டது என்று நியூயார்க் டைம்ஸின் இரங்கல் பகுதிக்குக் கடிதம் எழுதினார், ஆனால் தபால் அனுப்புவதை நிறுத்தவில்லை. அந்த விளையாட்டில் சாவுச் செய்திக்குக்கூட யாராவது பதில் போட முடிந்தது. சாக் ஹார்பருக்கு யாரும் பதில் போட முடியாது. அதனால்தான் அதை அவருடைய படைப்புகளின் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்கிறேன்.

பட்டியலில் வேறு ஒன்றைச் சேர்க்கலாம். சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொல்லி அவர் விட்ட தாள்களில் எத்தனையோ யாராவது ஒருத்தர் வீட்டு மேஜை டிராயரில் இன்னும் கிடக்கக்கூடும். திருப்பி அனுப்ப முகவரி இல்லை. ஆனால் எதையாவது சேர்த்து இன்னொருத்தருக்கு அனுப்பத் தடையேதும் இல்லை.