தலைச்சுமை யாருடையது?

1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் தங்கியிருந்த 23 வயது ஜான் கீட்ஸ் ஊருக்கு வெளியே உலாவிவிட்டு வந்து, இலையுதிர்காலத்தைப் பார்த்துப் பேசும் கவிதை ஒன்றை எழுதினார். மொத்தம் 33 வரிகள். அறுவடை முடிந்த வயலின் அரிதாள் கண்ணுக்குக் கதகதப்பாகத் தெரிந்தது, அதிலிருந்துதான் கவிதை பிறந்தது என்று இரண்டு நாள் கழித்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். கல்லூரியில் பல ஆண்டுகளாக இந்தக் கவிதையை நடத்துகிறேன்.

ஒருநாள் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கும்பகோணம் பக்கம், சிறுமியாக இருந்தபோது, அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர் அம்மா. கீட்ஸ் பருவத்தை ஓர் ஆளாகக் காண்கிறார். அந்த ஆள் களஞ்சியத் தரையில் கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பாதி அறுத்த வயலில் தூங்குகிறது. கதிர் பொறுக்குபவரைப்போலத் தலைச்சுமையோடு ஓடையைத் தாண்டுகிறது. ஆப்பிள் சாறு கடைசிச் சொட்டுவரை வடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அறுப்புல தூங்கினா காரியக்காரர் விடுவாராடி?" என்று அம்மா சிரித்தார். பிறகு கேட்டார்: "பொறுக்குன கதிரை யாரு எடுத்துக்கிட்டா?"

என்னிடம் பதில் இல்லை. தேடியபோது ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தது: மேரி ஹௌட்டன். சஃபோக் மாவட்டத்தில் ஸ்டீல் என்பவரின் வயலில் கதிர் பொறுக்கியதற்காக அவர்மீது வழக்கு வந்தது. பொதுச் சட்டப்படி கதிர் பொறுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று 1788இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல ஊர்களில் பெண்களும் குழந்தைகளும் பொறுக்கினார்கள். ஆனால் உரிமையாக இருந்தது இப்போது நிலக்காரரின் தயவு. கீட்ஸ் உலாவப் போனது அந்தத் தீர்ப்புக்கு 31 ஆண்டுகளுக்குப் பின்.

இதை அறிந்தபின் கவிதை எனக்கு வேறாகத் தெரிகிறது. அந்த நான்கு காட்சிகளில் மூன்றில் உடல் ஓய்ந்திருக்கிறது. சுமந்து நடப்பது கதிர் பொறுக்குபவர் மட்டும்தான். பருவத்தை 'அவள்' என்று கீட்ஸ் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனாலும் காற்றில் அலையும் கூந்தலைக் கண்டதும் வாசகர்கள் பலர் அங்கே ஒரு தேவதையைப் பார்த்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். தேவதைக்கு அரைமணி நேரம் கொடுத்தேன். சுமைகாரிக்கு அடிக்குறிப்பில்கூட இடம் தரவில்லை.

இதனால் கவிதையைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கீட்ஸ் நிலக்காரர் அல்ல. கையில் காசில்லாமல் கடன் வாங்கிக்கொண்டிருந்தவர். ஓடையைத் தாண்டும்போது சுமை சரியாதபடி தலை அசையாமல் நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். அது உண்மையான பார்வை. அந்த வரியைச் சொன்னபோது அம்மா தன்னை அறியாமல் கழுத்தை நிமிர்த்தினார். ஆனால் சுமை எந்த வீட்டுக்குப் போகிறது, வழியில் யார் தடுப்பார்கள் என்று கவிதை கேட்பதில்லை. ஒரே வயலில் ஒருவர் உலாவுகிறார், ஒருவர் உலைக்கு அரிசி தேடுகிறார். இயற்கையின் அழகு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் உலாவியவர் எழுதியது.

இந்த ஆண்டு வகுப்பை முதல் வரியிலிருந்து தொடங்கவில்லை. ஓடையில் தொடங்கினேன். அம்மா கேட்டதையே கேட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கி, "எங்க ஆயா கடலைக் காட்டுல பொறுக்குவாங்க மேடம்" என்றாள். அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.