தெபீர் எங்கே?
திருமறை ஊர்களை அடையாளங்காணும் முறை குறித்து ஒரு திறனாய்வு

திருமறையின் கடைசிப் பக்கங்களில் இணைக்கப்பெறும் நிலப்படங்களை நாம் ஐயுறுவதில்லை. ஒரு வசனத்திற்குப் பொருள் கூறுவதில் அறிஞர் வேறுபடுவர் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். ஆயினும், நிலப்படத்திலுள்ள கரும்புள்ளிக்குப் பின்னும் ஒரு வாதம் உண்டு, அவ்வாதம் தோற்கவும் கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்புள்ளியைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துகிறோம். அதன்மேல் பிரசங்கமும் கட்டுகிறோம். புள்ளி இடம்பெயரும்போது அதன்மேல் கட்டியது என்னாகும்? இவ்வினாவைத் தெபீர் என்னும் ஓர் ஊரைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. அடையாளங்காணும் வழிகள்

1838-ஆம் ஆண்டில் எட்வர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்க வேதநூற் பேராசிரியர், அரபு மொழியை நன்கறிந்த மிஷனெரியாகிய ஈலாய் ஸ்மித்துடன் பலஸ்தீன நாட்டில் பயணம் செய்தார். மடங்களில் காட்டப்பட்ட புண்ணியத் தலங்களை அவர்கள் எளிதில் நம்பவில்லை. கிராமத்தார் நாவில் வழங்கிய ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதி, அவற்றை எபிரெயப் பெயர்களோடு ஒப்பிட்டனர். இன்று நாம் அறிந்துள்ள ஊர்களுள் பல இவ்வழியால் கிடைத்தவையே.

ஆனால் பெயர் ஊரைவிட்டு நகரும் இயல்புடையது. பழைய ஊர் பாழானபின் மக்கள் அருகில் வேறோரிடத்தில் குடியேறுவர். பெயரும் அவர்களோடு சென்றுவிடும். மேலும், நாட்டில் ஆங்காங்கே நிற்கும் ‘தெல்’ என்னும் மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த பண்டைய நகரங்களே என்பதை ராபின்சன் உணர்ந்திலர். 1890-இல் பிளிண்டர்ஸ் பெட்ரி என்னும் ஆங்கிலேயர் தெல் எல்-ஹெசி என்னும் மேட்டை அகழ்ந்து, பானையோடுகளைக் கொண்டு மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்கலாம் எனக் காட்டியபோதே இரண்டாம் வழி திறந்தது.

அதே பெட்ரி தாம் அகழ்ந்த மேட்டை லாகீஸ் என்று கொண்டார். அருகிலிருந்த உம் லாக்கிஸ் என்னும் இடத்தின் பெயரொலியும் அவ்வெண்ணத்திற்குத் துணைநின்றது. இன்று அக்கருத்து கைவிடப்பட்டுள்ளது. காலத்தைக் கணிக்கும் முறையில் வழிகாட்டியவரே இடத்தைக் கணிப்பதில் தவறினார் என்பது நாம் மனத்திற்கொள்ள வேண்டியதொன்று.

ஆகவே சான்றுகள் நான்கு வகைப்படும். அவை, இன்று வழங்கும் பெயர், திருமறையும் பிற பண்டை நூல்களும் கூறும் அமைவிடம், பானையோடுகள் காட்டும் காலம், அவ்விடத்திலேயே கிடைக்கும் எழுத்துச் சான்று என்பன. இவை ஒன்றையொன்று தாங்கும்போது முடிவு வலுப்பெறும். ஒன்றே தனித்து நிற்குமாயின் அது ஊகமேயாகும்.

2. தெபீர்: ஓர் இடமாற்றம்

தெபீரைக் குறித்து யோசுவாவின் நூல் பலமுறை பேசுகிறது. யோசுவா அதைப் பிடித்தான் என்று ஓரிடத்திலும் (10:38, 39), ஒத்னியேல் பிடித்தான் என்று வேறோரிடத்திலும் (15:15-17) வாசிக்கிறோம். அதன் முற்காலப் பெயர் கீரியாத்செப்பேர். ‘செப்பேர்’ என்பது எபிரெயத்தில் ‘புத்தகம்’ எனப் பொருள்படும் சொல்லை நினைவூட்டுவதால், இது புத்தகப் பட்டணம் எனப் பலரும் பொருள் கொண்டனர்.

அமெரிக்கத் தொல்பொருள் அறிஞராகிய வில்லியம் ஆல்பிரைட், எபிரோனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலுள்ள தெல் பெயித் மிர்சிம் என்னும் மேடே தெபீர் எனக் கருதினார். ஸீனியா இறையியல் கல்லூரியின் தலைவராயிருந்த மெல்வின் குரோவ் கைலின் துணையோடு 1926, 1928, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அதை அகழ்ந்தார். வெண்கலக் காலத்தின் இறுதியில் அவ்வூர் தீக்கிரையானதற்கு அடையாளங்கள் கிடைத்தன. அவ்வழிவு இஸ்ரவேலர் செய்ததே என்று ஆல்பிரைட் முடிவுகட்டினார். 1934-இல் வெளிவந்த கைலின் நூல், ‘கீரியாத்செப்பேரின் பத்து நகரங்களை அகழ்தல்’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கியிருந்தது. ‘இதுவாக இருக்கலாம்’ என்னும் சொல் அத்தலைப்பில் இல்லை. அதன்பின் வந்த கையேடுகளும் நிலப்படங்களும் அவ்வாறே எழுதின. பானையோடும் சாம்பலும் யோசுவாவின் நூலுக்குச் சாட்சி கூறுகின்றன எனப் பல தலைமுறை மாணவர் கற்றனர்.

இம்முடிவில் தொடக்கமுதலே ஓர் இடர்ப்பாடு இருந்தது. யோசுவா 15-ஆம் அதிகாரம் யூதா கோத்திரத்தின் ஊர்களைப் பள்ளத்தாக்கு நாட்டு ஊர்கள், மலைநாட்டு ஊர்கள் எனப் பகுத்துக் கூறுகிறது. தெபீர் மலைநாட்டுப் பட்டியலில், சோக்கோ, ஆனாப், எஸ்தெமொ ஆகியவற்றோடு நிற்கிறது (15:48-50). இவற்றுள் எஸ்தெமொ இன்றைய எஸ்-சமூ என்பது ஐயமற்றது. ஏனைய இரண்டின் பெயர்களும் எபிரோனுக்குத் தெற்கேயுள்ள மலைப்பகுதியிலேயே வழங்கிவருகின்றன. தெல் பெயித் மிர்சிமோ மேற்கே தாழ்நிலத்தின் விளிம்பில் கிடக்கிறது. புத்தகப் பட்டணம் என்னும் பெயருக்கேற்ற ஏட்டுத் தொகுதியும் அங்கே கிடைக்கவில்லை.

1954-இல் கர்ட் காலிங் என்னும் ஜெர்மானிய அறிஞர், எபிரோனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் மலைநாட்டிலுள்ள கிர்பெத் ரபூத் என்னும் இடத்தைத் தெபீர் எனச் சுட்டினார். 1968, 1969 ஆகிய ஆண்டுகளில் மோஷே கோகாவி அதை அகழ்ந்து, வெண்கலக் காலத்திலும் இரும்புக் காலத்திலும் அங்கே அரண்சூழ்ந்த ஊர் இருந்ததைக் காட்டினார். அவ்விடத்தில் ஊற்று இல்லை; வடக்கே சற்றுத் தொலைவில் மேலும் கீழுமாக இரு கிணறுகள் உள்ளன. வறண்ட நிலத்தைப் பெற்ற அக்சாள் தன் தகப்பனிடம் நீர்நிலைகளைக் கேட்டு, மேலானதையும் கீழானதையும் பெற்ற செய்தி (15:19) இங்கே நினைவுக்கு வருகிறது. இன்று அறிஞருள் பெரும்பாலார் கிர்பெத் ரபூதையே தெபீர் எனக் கொள்கின்றனர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆல்பிரைட்டின் உழைப்பு வீண்போகவில்லை. தெல் பெயித் மிர்சிமில் அவர் வகுத்த பானையோட்டு வரிசை, பிற்காலத்தார் செய்த திருத்தங்களுக்குப் பின்னும், அந்நாட்டு அகழாய்வுக்கு அடித்தளமாக விளங்குகிறது. மண்ணிலிருந்து அவர் நேரே கற்றது நிலைத்தது. மண்ணின்மேல் அவர் எழுதிய பெயரே அழிந்தது.

3. வட்டத்தில் சுழலும் வாதம்

தவறு எங்கே நேர்ந்தது? ஒரு மேட்டிற்குத் தெபீர் எனப் பெயரிட்டனர். அப்பெயரால், அங்கே கண்ட சாம்பலை யோசுவாவின் போருக்கு உரியதாக்கினர். பின்னர் அச்சாம்பலையே யோசுவாவின் போருக்குச் சான்றாக்கினர். முடிவையே முதற்படியாகக் கொண்ட வாதம் இது.

திருமறை கூறும் நிலக்குறிப்புகளைக் கொண்டு, அதாவது அண்டை ஊர்கள், திசை, மலை, நீர் ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஊரைத் தேடுவது முறையே. ஆனால் திருமறை கூறும் நிகழ்ச்சியைக் கொண்டு இடத்தைத் தெரிந்துகொள்வோமாயின், அவ்விடத்தை அந்நிகழ்ச்சிக்குச் சாட்சியாக நிறுத்தும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம்.

ஆயி இதற்கு மற்றொரு எடுத்துக்காட்டு. எபிரெயத்தில் இப்பெயர் சுட்டிடைச் சொல்லோடு ‘அந்தப் பாழ்மேடு’ என்னும் பொருள்பட வழங்குகிறது. தமிழில் ‘ஆயி’ என எழுதும்போது அப்பொருள் மறைந்துவிடுகிறது. பெத்தேலுக்குக் கிழக்கேயுள்ள எத்-தெல் என்னும் மேட்டை 1933 முதல் 1935 வரை ஜூடித் மார்க்கே-கிராவுசும், 1964 முதல் ஜோசப் கால்வேயும் அகழ்ந்தனர். கி.மு. 2400 அளவில் அழிந்த அந்நகரம், கி.மு. 1200 அளவில் ஒரு சிற்றூர் எழும்வரை குடியிருப்பின்றிக் கிடந்தது என்று கண்டனர். அப்படியாயின் யோசுவா 8-ஆம் அதிகாரம் கூறும் அரசனும் வாசலும் எங்கே? பெத்தேலின் அழிவே ஆயியின் அழிவாகச் சொல்லப்பட்டது என்றார் ஆல்பிரைட். பாழ்மேட்டின் தோற்றத்தை விளக்க எழுந்த கதை என்றனர் சிலர். ஆயி வேறிடம் என்று கிர்பெத் எல்-மக்காத்திர் போன்ற இடங்களைத் தேடினர் வேறு சிலர்.

வேறிடம் தேடுவது குற்றமன்று. லாகீசும் தெபீரும் அவ்வாறே கிடைத்தன. ஆனால் ‘கதையோடு பொருந்தவில்லை’ என்னும் ஒரே காரணத்தால் ஓரிடத்தைத் தள்ளி, ‘கதையோடு பொருந்துகிறது’ என்னும் ஒரே காரணத்தால் மற்றோரிடத்தைக் கொள்வது அதே வட்டத்தில் சுழல்வதாகும்.

4. நிலைத்து நிற்பவை

இதனால் அடையாளங்காணும் முயற்சி முழுவதும் பயனற்றது எனச் சிலர் கூறுவர். அதுவும் பிழையே. ராபின்சன் எல்-ஜீப் என்னும் சிற்றூரின் பெயரொலியைக் கொண்டு அதைக் கிபியோன் என்றார். ஆல்பிரெக்ட் ஆல்ட் போன்ற பேரறிஞர் அதை மறுத்தார். 1956-இல் ஜேம்ஸ் பிரிச்சார்ட் அங்கே அகழத் தொடங்கியபோது, கிபியோன் எனப் பெயர் பொறித்த சாடிக் கைப்பிடிகள் பல, பாறையில் வெட்டிய பெருங்குளத்தை நிரப்பியிருந்த மண்ணில் கிடைத்தன. ஒற்றைச் சாடி வேற்றூரிலிருந்து வந்திருக்கக்கூடும். இங்கோ பல கைப்பிடிகளோடு திராட்சரசம் சேமிக்கும் அறைகளும் வெளிப்பட்டன. ராபின்சனின் கருத்து 118 ஆண்டுகளுக்குப் பின் உறுதிப்பட்டது.

கேசேருக்கு அதன் எல்லையைக் குறிக்கும் பாறை எழுத்துகளை 1874-இல் கிளெர்மோன்-கன்னோ கண்டார். எக்ரோன் தெல் மிக்னே என்னும் கருத்து, 1996-இல் அவ்வூரின் பெயரையும் அதிபதியின் பெயரையும் தாங்கிய கல்வெட்டு அங்கேயே கிடைத்தபோது ஐயமற நிலைபெற்றது. லாகீசுக்கு இத்தகைய கல்வெட்டு இல்லை. ஆயினும், 1929-இல் ஆல்பிரைட் சுட்டிய தெல் எத்-துவெயிர், எவுசேபியு தரும் தொலைவுக்கும், நினிவே அரண்மனைச் சிற்பங்கள் காட்டும் முற்றுகைக்கும், மேட்டின் பெருமைக்கும் ஒருங்கே பொருந்துகிறது. தெபீரைத் தவறவிட்ட அதே அறிஞர் லாகீசைக் கண்டார். ஆகவே நாம் எடைபோட வேண்டியது அறிஞரின் பெயரையன்று, அவர் காட்டும் சான்றையே.

5. நமது கடமை

நமது வகுப்பறைகளில் நிலப்படம் பயன்படட்டும். ஆனால் எழுத்துச் சான்றால் உறுதியானவை, பல சான்றுகள் கூடுவதால் வலுப்பெற்றவை, ஊகத்தால் குறிக்கப்பட்டவை என மூன்று வகைக் குறிகள் அதில் இருக்கட்டும். கிபியோன் முதல்வகை, லாகீஸ் இரண்டாம் வகை, ஆயியை மூன்றாம் வகையிலேயே வைக்கவேண்டும். தெபீர் இரண்டாம் வகைக்கு அருகில் நிற்கிறது. கிர்பெத் ரபூதிலும் ஊர்ப்பெயர் பொறித்த கல் ஏதும் கிடைக்கவில்லை என்பதை மறந்து, அதன் இரு கிணறுகளை இனி ‘மறுக்கவொண்ணாச் சான்று’ எனப் பிரசங்கிப்போமாயின், 1934-இன் தலைப்பை நாமும் மறுபடியும் எழுதுகிறவர்களாவோம்.

இது வெறும் கல்வி ஒழுங்கு மட்டுமன்று. ஆத்தும விசாரணையும் ஆகும். ‘சாம்பல் சாட்சி கூறுகிறது’ என்று கற்பிக்கப்பட்ட வாலிபன், அச்சாம்பல் வேறோர் ஊருடையது என ஒருநாள் வாசிப்பான். அன்று அவன் ஆல்பிரைட்டின் கருத்தை மட்டும் கைவிடமாட்டான்; தனக்குக் கற்பித்த போதகரையும், ஒருவேளை அவர் கையிலிருந்த திருமறையையும் ஐயுறுவான். ‘இருக்கலாம்’ என்னும் ஒரு சொல்லை நாம் விழுங்கியதன் விலை அது.

அக்சாள் தான் பெற்ற நிலம் வறண்டது என்பதை மறைக்கவில்லை. வறட்சியை வறட்சி என்று சொன்னபின்பே நீரைக் கேட்டாள், பெற்றும் கொண்டாள். அவள் ஊர் எங்கே என ஆராயும் நாமும், சான்று வறண்ட இடத்தில் அது வறண்டது என்று சொல்லக் கற்போமாக.