‘வெட்டரன்’ என்னும் சொல்

ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘வெட்டரன்’ என்னும் சொல்லைக் காணாத நாள் அரிது. போர்க்களம் கண்ட சிப்பாயும், பல தேர்தல்களில் நின்ற அரசியல்வாதியும், முதிய நடிகரும் அப்பெயரையே பெறுகின்றனர். அமெரிக்கர் 1954-ம் ஆண்டு முதல் அவ்வீரர் பெயரால் ஒரு நாளையும் கொண்டாடி வருகின்றனர். ஆயினும், அச்சொல்லின் பிறப்பில் புகழ்ச்சி சிறிதும் இல்லை என்பதே நமது கருத்து.

இலத்தீனில் ‘வெட்டுஸ்’ என்பது பழையது எனப் பொருள்படும். அதன் வேர் ஆண்டைக் குறித்ததென்பர் மொழிநூலார். நம் பஞ்சாங்கம் கூறும் ‘சம்வத்சரம்’ என்னும் வடசொல்லும் அவ்வேருக்கு உறவினதே. அதனின்று பிறந்த ‘வெட்டரானுஸ்’ ஆண்டேறியவனைச் சுட்டியதேயன்றி வீரனைச் சுட்டவில்லை. முதலில் புதுப்படைக்கு மாறான பழகிய படைஞனையும், பின்னர்ப் பணியாண்டு முடித்து விடை பெற்றவனையும் அது குறித்தது. அவ்வாண்டுகளை அகஸ்டஸ் கி.மு. 13-ல் 16 என வகுத்தான், கி.பி. 5-ல் 20 ஆக உயர்த்தினான். மறு ஆண்டே, விடை பெறுவோர்க்குக் கொடுக்கவென்று தனிக் கருவூலம் அமைத்து, மரபுரிமைச் சொத்தில் இருபதில் ஒரு பங்கை அதற்கு வரியாக விதித்தான்.

தமிழில் இதனை எங்ஙனம் கூறுவது? திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் வரும் ‘தொல்படை’ பொருந்துமோ எனின், பொருந்தாது. பரிமேலழகர் அதனை முன்னோர் தொட்டு வரும் படை என்றே கொள்கின்றார். அங்கே பழமை குலத்தினுடையது. உரோமையிலோ தனி ஒருவன் உழைத்த ஆண்டுகளினுடையது. ‘முன்னாள் படைவீரர்’ என்பது அதனினும் நன்று. ஆனால் அது, விடை கிடைத்துவிட்டதென்று முன்கூட்டியே நம்பிவிடுகின்றது!

டாசிட்டஸின் வரலாற்றைப் படித்தோர் அங்ஙனம் நம்பார். அகஸ்டஸ் இறந்த கி.பி. 14-ல் பன்னோனியாவிலும் இரைன் நதிக்கரையிலும் படைகள் கலகம் செய்தன. முப்பது நாற்பது ஆண்டு உழைத்தும் விடுதலையில்லை. விடுவிக்கப்பட்டோரும் வேறு பெயரில் அதே கொடியின்கீழ் அதே பாடுபடுகின்றனர். நிலமென்று கிடைப்பதோ சதுப்பும் மலைச்சரிவுமே எனப் பெர்சென்னியஸ் என்னும் சிப்பாய் முறையிட்டான். தோட்டத்துச் செக்ரோல் எழுதிப் பழகிய நமக்கு இவ்விடம் எளிதில் விளங்குகின்றது. பெயர் ஒரு பக்கத்தினின்று மறு பக்கம் போகும்; மண்வெட்டி கைமாறாது. இரைன் கரையில் சிலர், முத்தமிடுவார் போல் ஜெர்மானிக்கஸின் கையைப் பற்றி, அவன் விரலைத் தம் வாய்க்குள் இட்டுப் பல்லில்லா ஈற்றைத் தொடச் செய்தனராம். படைத்தலைவனுக்கு இதனினும் தெளிவான விண்ணப்பம் எவரும் எழுதியதாக நாம் அறியோம்.

16 ஆண்டே எல்லை என்னும் வாக்குறுதி அவர்களுக்குக் கிடைத்தது. கி.பி. 15-ல் டைபீரியஸ் அதனை நீக்கிவிட்டான்.